முஸ்தபா முதல் வெண்பா வரை

2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் இலவச மடிக்கணினித் திட்டத்தை அன்றைய முதல்வர் ஜெயலலிதா தொடங்கிவைத்தார். அடுத்தடுத்த மாதங்களில் தென்காசி, இலஞ்சி, செங்கோட்டை, குற்றாலம் பக்கத்துப் பிளஸ் டூ பிள்ளைகள் கைக்கும் அந்த லேப்டாப் வந்து சேர்ந்தது. தென்காசி அப்போது திருநெல்வேலி மாவட்டத்தின் ஒரு பகுதி. தனி மாவட்டமானது 2019 நவம்பரில்தான். வீட்டில் அதற்கு முன் கணினியே நுழைந்திராத குடும்பங்கள் ஏராளம். பையைத் திறந்து, சார்ஜரைச் செருகி, பவர் பொத்தானை அழுத்தினால் கறுப்புத் திரையில் இரண்டு வழிகள் காத்திருக்கும். ஒன்று விண்டோஸ். இன்னொன்று பாஸ்.

பாஸ் என்பது 'பாரத் ஆப்பரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ்' என்பதன் சுருக்கம். மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் டெபியன் லினக்ஸை அடிப்படையாக வைத்து உருவாக்கிய இயங்குதளம் அது. முதல் பதிப்பு 2007-இல் வந்தது. தமிழ் எழுத்துரு, கடிதம் தட்டச்சு செய்ய மென்பொருள், இணைய உலாவி எல்லாம் கூடவே இருந்தன. பென்டிரைவ் வழியாகப் பரவி அன்று ஊரையே ஆட்டிப்படைத்த வைரஸ்கள் அதை அண்டவில்லை. இருந்தும் பிள்ளைகளின் விரல் விண்டோஸ் பக்கமே போனது. பாஸ் இருந்த இடத்தை அழித்துச் சினிமாவுக்கும் விளையாட்டுக்கும் ஒதுக்கிக்கொண்டவர்களும் உண்டு. காரணம் மிக எளியது: 'வைஸ் சிட்டி' என்ற விளையாட்டு பாஸில் ஓடாது.

பாஸ் போன்ற கட்டற்ற மென்பொருளின் நன்மைகளைப் பற்றி எத்தனை கருத்தரங்கு நடத்தினாலும் பதினேழு வயதுப் பிள்ளைக்கு அந்த ஒரு குறை போதும். அரசுக் கொள்கையால் தாண்ட முடியாத அந்த இடத்தை, நிரலர்கள் பலர் முப்பது ஆண்டு உழைப்பில் தாண்டினார்கள். அந்த உழைப்பின் வரலாற்றைத் தென்காசிப் பிள்ளைகள் விளையாடிய விளையாட்டுகளின் வரலாற்றிலிருந்து பிரித்துச் சொல்ல முடியாது.

முதலில் வந்தது டிவி கேம். ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனம் 1983-இல் ஃபேமிகாம் என்ற எந்திரத்தை வெளியிட்டது. 90-களில் அதன் நகல்கள் 'மீடியா', 'லிட்டில் மாஸ்டர்' போன்ற பெயர்களில் இந்தியக் கடைகளுக்கு வந்தன. கார்ட்ரிட்ஜை யாரும் கார்ட்ரிட்ஜ் என்று சொன்னதில்லை, அது 'கேசட்'. அட்டையில் நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் விளையாட்டு என்று போட்டிருக்கும். உள்ளே இருப்பது மாரியோ, கான்ட்ரா என்று கைவிரலில் எண்ணிவிடக்கூடியவை, வேறு வேறு பெயரில் திரும்பத் திரும்ப வரும். படம் வராவிட்டால் கேசட்டை உருவி, அடிப்பக்கத்தை வாயால் ஊதி, மறுபடி செருகுவார்கள். அதற்கும் வசதியில்லாத பிள்ளைகளுக்குத் திருவிழாக் கடையில் கிடைத்த பிரிக் கேம் இருந்தது.

பிறகு ப்ரௌசிங் சென்டர் காலம். 2000-களின் தொடக்கத்தில் தமிழகத்தின் எந்தச் சிறு நகரத்துப் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்திலும் ஒன்றிரண்டு இருந்தன. பலகைத் தடுப்புகளுக்கு நடுவே மின்னஞ்சல் அனுப்புபவரும் தேர்வு முடிவு பார்ப்பவரும் வந்துபோவார்கள். ஆனால் பள்ளி விட்ட பிறகு கடையை நிரப்பியவர்கள் சிறுவர்கள். ரோட் ரேஷ், ஐ.ஜி.ஐ., கவுன்டர்-ஸ்ட்ரைக், 2003-க்குப் பிறகு வைஸ் சிட்டி. நோட்டின் கடைசிப் பக்கத்தில் வைஸ் சிட்டிக்கான சீட் கோடுகள் இருக்கும். ஆங்கிலத்தில் 'பான்சர்' என்று தட்டினால் வானத்திலிருந்து விழுவதுபோல ஒரு பீரங்கி வண்டி வந்து நிற்கும். 'ஆஸ்பிரின்' என்று தட்டினால் உயிர் நிரம்பும். அந்தச் சொற்களின் எழுத்துக்கூட்டல் மட்டும் ஒருவருக்கும் தப்பியதில்லை.

இவை எல்லாவற்றிலும் தமிழ்நாட்டுக்குத் தனி உறவுள்ள விளையாட்டு ஒன்று உண்டு. அதன் உண்மைப் பெயர் 'காடில்லாக்ஸ் அண்ட் டைனோசார்ஸ்'. இங்கே அதை அந்தப் பெயரில் கேட்டால் கடைக்காரருக்கே தெரியாது. 'முஸ்தபா கேம்' என்றால்தான் தெரியும்.

ஜப்பானின் கேப்காம் நிறுவனம் 1993-இல் காசு போட்டு ஆடும் ஆர்கேட் எந்திரத்துக்காக அதைச் செய்தது. மார்க் ஷுல்ட்ஸ் என்ற அமெரிக்க ஓவியரின் படக்கதையிலிருந்து எடுத்த கதை. நான்கு வீரர்களில் ஒருவன் முஸ்தபா கெய்ரோ. மஞ்சள் தொப்பி போட்ட அவன் ஓடிவந்து பறந்து உதைத்தால் எதிரே நிற்கும் கும்பல் மொத்தமும் சரியும். 1996-இல் 'காதல் தேசம்' படப் பாட்டின் வழியாக அந்தப் பெயர் தமிழ் இளைஞர்களுக்கு ஏற்கெனவே நெருக்கமாகியிருந்தது. இந்தியாவில் பல ஊர்களில் அந்த விளையாட்டுக்கே அவன் பெயர் நிலைத்துவிட்டது.

இதில் கவனிக்க வேண்டிய செய்தி வேறு. அந்த விளையாட்டு விண்டோஸுக்காக வெளிவரவே இல்லை. வீட்டு எந்திரம் எதற்கும் வரவில்லை. கடைகளில் நிற்கும் ஆர்கேட் பெட்டிக்குள் இருந்த சர்க்யூட் போர்டு மட்டும்தான் அதன் ஒரே வடிவம். ஆகவே ப்ரௌசிங் சென்டரில் கணினித் திரையில் முஸ்தபாவை ஓடவிட்ட ஒவ்வொரு சிறுவனும், அந்தச் சொல்லைக் கேள்விப்படாமலேயே எமுலேட்டர் பயன்படுத்தியவன்தான்.

எமுலேட்டர் செய்கிற வேலை மலைக்கவைப்பது. கேப்காமின் போர்டில் மோட்டோரோலா 68000 என்ற செயலி விளையாட்டை நடத்தியது. ஒலிக்கென்று தனியாக இசட்80 என்ற இன்னொரு செயலி இருந்தது. நம் மேசைமீது இருக்கும் இன்டெல் செயலிக்கு இவற்றின் மொழி ஒரு வரிகூடப் புரியாது. எமுலேட்டர் அந்த இரண்டு செயலிகளையும் படம் வரையும் சில்லுகளையும் மென்பொருளிலேயே கட்டி எழுப்புகிறது. போர்டின் நினைவகச் சில்லுகளிலிருந்து படியெடுத்த 'ரோம்' கோப்பை அதற்குள் போட்டால், தான் ஒரு போலி எந்திரத்துக்குள் இருக்கிறோம் என்று தெரியாமலே விளையாட்டு ஓடுகிறது. இத்தாலியரான நிக்கோலா சால்மோரியா 1997 பிப்ரவரியில் வெளியிட்ட 'மேம்' இந்த வகையில் தலையானது. அதில் முஸ்தபா கேமின் பெயர் 'டைனோ'.

மேமைச் செய்தவர்கள் பொழுதுபோக்கைக் காட்டிலும் பழைய விளையாட்டுகளின் பாதுகாப்பையே நோக்கமாகச் சொல்லிவந்தார்கள். அந்தச் சொல்லுக்குப் பொருள் உண்டு. முஸ்தபா கேமின் போர்டில் ஒலிச் செயலியின் நிரல் பூட்டப்பட்டிருந்தது. பூட்டைத் திறக்கும் சாவி ஒரு சிறு பேட்டரியின் தயவில் உயிரோடிருந்தது. பேட்டரி தீர்ந்தால் சாவி அழியும், போர்டு ஊமையாகும். நகலெடுப்பவர்களைத் தடுக்கப் போட்ட ஏற்பாடு, அசல் எந்திரங்களுக்கும் ஆயுள் கெடு வைத்துவிட்டது. தமிழ்நாட்டுச் சிறுவர்களின் ஒரு தலைமுறை கூவிக் கூவி ஆடிய விளையாட்டு இன்று கிடைக்கிறதென்றால், அதில் எமுலேட்டர் எழுதியவர்களின் பங்கு பெரிது. மேம் லினக்ஸிலும் தொடக்க காலம் முதலே 'எக்ஸ்மேம்' என்ற பெயரில் ஓடியது. 2016-இல் அதன் உரிமமும் முழுக்கக் கட்டற்றதாயிற்று.

லினக்ஸ் தமிழகத்துக்கு விளையாட்டு வழியாக வரவில்லை. கல்லூரிகள் வழியாகவும் ஆர்வலர் குழுக்கள் வழியாகவும் வந்தது. சென்னை லினக்ஸ் பயனர் குழு 1998 முதல் இயங்கிவருகிறது. 2006-2007 வாக்கில் தமிழக அரசின் எல்காட் நிறுவனத்தின் நிர்வாக இயக்குநராக இருந்த ஐ.ஏ.எஸ். அதிகாரி உமாசங்கர், தம் அலுவலகக் கணினிகளை விண்டோஸிலிருந்து சூசே லினக்ஸுக்கு மாற்றி நாடெங்கும் பேசப்பட்டார். 2012 ஜனவரியில் 'கணியம்' மின்னிதழ் தொடங்கி, லினக்ஸ் பாடங்களைத் தமிழில் எழுத ஆரம்பித்தது. தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் ஜோஹோ நிறுவனம் சில ஊழியர்களோடு அலுவலகம் திறந்ததும் லேப்டாப் திட்டம் தொடங்கிய அதே 2011-இல்தான். மென்பொருள் என்பது சென்னைக்கும் பெங்களூருக்கும் ரயிலேறிப் போய்ச் செய்யும் வேலை என்ற எண்ணம் அந்தப் பக்கத்தில் மெல்லத் தளர்ந்தது.

இதற்கெல்லாம் வெகு முன்பே, 1993-இல், அமெரிக்காவில் பாப் ஆம்ஸ்டட் என்பவர் ஒரு வேலையைத் தொடங்கியிருந்தார். லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸை வெளியிட்டு இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்த நேரம். விண்டோஸ் 3.1-க்கு எழுதிய நிரல்களை அப்படியே லினக்ஸில் ஓட்ட வேண்டும் என்பது குறி. பெயர் ஒயின். மறு ஆண்டே பொறுப்பு அலெக்சாண்டர் ஜூலியார்ட் கைக்குப் போனது. இன்றுவரை அவர்தான் நடத்துகிறார். 1.0 என்ற எண்ணைத் தொட அந்த மென்பொருளுக்குப் பதினைந்து ஆண்டு பிடித்தது: 2008 ஜூன்.

ஒயின் எமுலேட்டர் கிடையாது. முஸ்தபாவை ஓட்ட வேறொரு செயலியையே கட்ட வேண்டியிருந்தது. விண்டோஸ் கணினியிலும் லினக்ஸ் கணினியிலும் செயலி ஒன்றேதான். வைஸ் சிட்டியின் கணக்குகளை அது நேரடியாகவே போடும். தகராறு வருவது நிரல் இயங்குதளத்திடம் எதையாவது கேட்கும்போது: 'இந்தக் கோப்பைத் திற', 'இந்தச் சன்னலை வரை', 'இந்த முக்கோணத்துக்கு நிறம் பூசு'. அந்தக் கேள்விகள் மைக்ரோசாஃப்டின் மொழியில் இருக்கும். ஆங்கிலேயரின் கச்சேரிக்கும் ஊர் வணிகருக்கும் நடுவே நின்ற துபாஷியைப்போல, ஒயின் ஒவ்வொரு கேள்வியையும் வாங்கி லினக்ஸுக்குப் புரியும்படி சொல்லி, பதிலை விண்டோஸ் பாணியில் திருப்பித் தருகிறது.

ஒயினை நிறுவிய கணினியில் பயனரின் கோப்புறைக்குள் மறைவாக ஒரு கோப்புறை உருவாகும். அதைத் திறந்தால் 'டிரைவ் சி' என்று ஒன்று. அதற்குள் 'புரோகிராம் ஃபைல்ஸ்', 'விண்டோஸ்', 'சிஸ்டம்32' எல்லாம் அச்சு அசலாக இருக்கும். சிஸ்டம்32-இல் உள்ள கோப்புகளின் பெயர்களும் மைக்ரோசாஃப்ட் வைத்தவையே; உள்ளிருக்கும் நிரல் முழுவதும் வேறு ஆட்கள் எழுதியது. விண்டோஸின் ரெஜிஸ்ட்ரி இங்கே சாதாரண எழுத்துக் கோப்பாகக் கிடக்கும், நோட்பேடில் படிக்கலாம். லினக்ஸில் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வேறு வேறு. விண்டோஸுக்கு இரண்டும் ஒன்றே. அந்தச் சிறு வேறுபாட்டுக்காகக்கூட ஒயின் ஒவ்வொரு முறையும் கோப்புறையைத் துழாவிச் சரியான பெயரைக் கண்டுபிடித்துக் கொடுக்கிறது. இப்படி ஆயிரக்கணக்கான நுணுக்கங்கள். மைக்ரோசாஃப்டின் மூலநிரலைப் பார்க்கக் கூடாது என்பது திட்டத்தின் கண்டிப்பான விதி. சிறு சோதனை நிரல் எழுதி, அசல் விண்டோஸில் ஓட்டி, அது என்ன விடை தருகிறதோ அதையே தரும்படி எழுதுவார்கள். விண்டோஸில் ஒரு பிழை இருந்து, ஏதாவது ஒரு விளையாட்டு அந்தப் பிழையை நம்பி ஓடினால், அந்தப் பிழையையும் அப்படியே எழுதுவார்கள்.

இதை வியாபாரமாக்க முயன்றவர்களும் இருந்தார்கள். 1998-இல் தொடங்கிய லோக்கி நிறுவனம் விண்டோஸ் விளையாட்டுகளை லினக்ஸுக்கு மாற்றி எழுதி விற்றுப் பார்த்தது, 2002-இல் மூடிவிட்டது. கனடாவின் டிரான்ஸ்கேமிங் நிறுவனம் ஒயினிலிருந்து பிரித்தெடுத்த மென்பொருளை மாதச் சந்தாவுக்குக் கொடுத்தது. கோட்வீவர்ஸ் நிறுவனம் மட்டும் ஒயின் நிரலர்களுக்குச் சம்பளம் கொடுத்துக்கொண்டு இன்றும் நிற்கிறது.

தென்காசிப் பிள்ளையின் லேப்டாப்புக்கு இந்த உழைப்பெல்லாம் 2012-இல் எவ்வளவு எட்டியது? கொஞ்சம்தான். லினக்ஸில் பெரும்பாலான மென்பொருள்களை நிறுவ இணையம் வேண்டும். ஒயினைக் கேட்டால் அது இன்னும் பல துணைக் கோப்புகளைக் கேட்கும். பி.எஸ்.என்.எல். பிராட்பேண்ட் இருந்த வீடுகள் குறைவு. மற்றவர்களுக்கு 2ஜி சிம். ப்ரௌசிங் சென்டரில் கோப்பை இறக்கிப் பென்டிரைவில் கொண்டுவந்தால், இன்னொரு கோப்பு இல்லை என்று கணினி சொல்லும். விண்டோஸுக்கோ நண்பன் வீட்டிலிருந்து ஒரு கோப்புறையை நகலெடுத்தால் வேலை முடிந்தது. 2007-இல் வந்த 'பிளேஆன்லினக்ஸ்' போன்றவை ஒயினைக் கையாளுவதை எளிதாக்கினாலும் அவற்றுக்கும் இணையம் இல்லாமல் ஆகாது.

மின்சாரமும் சேர்ந்துகொண்டது. 2012-இல் சென்னைக்கு வெளியே நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல் மின்வெட்டு இருந்த மாதங்கள் உண்டு. மேசைக் கணினி வைத்திருந்தவர்கள் கைகட்டி உட்கார்ந்திருக்க, லேப்டாப் பேட்டரி இரண்டு மூன்று மணி நேரம் தாங்கியது. ஜூன் பிறந்தால் நிலைமை சற்றுத் தேறும். செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் தென்மேற்குக் காற்று குற்றாலத்துக்குச் சாரலைக் கொண்டுவரும். அதே காற்று சுரண்டை, ஆலங்குளம் பக்கத்துக் காற்றாலைகளையும் சுழற்றும். ஐந்தருவியில் தண்ணீர் கொட்டுகிற சீசனில் வீட்டிலும் கொஞ்சம் கரண்ட் இருக்கும்.

சட்டப் பக்கத்தையும் இங்கே சொல்லிவிட வேண்டும். எமுலேட்டர் என்றாலே திருட்டு என்று எண்ணுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அமெரிக்காவில் பிளேஸ்டேஷன் எமுலேட்டர் செய்த கனெக்டிக்ஸ் நிறுவனத்தின் மீது சோனி வழக்குப் போட்டது. பிற தளங்களில் ஓடும்படி செய்வதற்காக ஒரு மென்பொருளைப் பிரித்து ஆராய்வது நியாயமான பயன்பாடே என்று 2000-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. இந்தியச் சட்டம் இதில் இன்னும் வெளிப்படையானது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவில் 1999-இல் சேர்த்த திருத்தங்கள், முறையாகப் பெற்ற ஒரு நிரலை மற்ற நிரல்களோடு ஒத்தியங்கச் செய்வதற்குத் தேவையான தகவலை, அது வேறு வழியில் எளிதில் கிடைக்காதபோது, ஆராய்ந்து எடுக்க இடம் தருகின்றன. முறையாக வாங்கிய நிரலைச் சொந்த உபயோகத்துக்காக நகலெடுக்கவும் இடம் உண்டு. ஒயின், மேம் போன்ற உழைப்புக்கு இதைவிட நல்ல நிழல் வேண்டியதில்லை. ஆனால் அடுத்தவர் விளையாட்டின் ரோம் கோப்பை ஊருக்கே பகிர்வதற்கு இந்த நிழல் நீளாது. 2024 மார்ச்சில் நிண்டெண்டோ ஸ்விட்ச் எமுலேட்டரான 'யூசு' 24 லட்சம் டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டு மூடப்பட்டது. இன்னும் கடையில் விற்றுக்கொண்டிருக்கிற எந்திரத்தையும், முப்பது வருடத்துக்கு முன் கடையிலிருந்து மறைந்த எந்திரத்தையும் ஒரே தட்டில் வைப்பது முறையில்லை. இந்த வேறுபாட்டைச் சட்டம் இன்னும் தெளிவாகப் பேச வேண்டும்.

திருப்பம் 2018-இல் வந்தது. ஸ்டீம் என்ற இணையக் கடையை நடத்தும் வால்வ் நிறுவனத்துக்கு, விண்டோஸ் 8 வந்தபோதே ஓர் அச்சம் பிடித்திருந்தது: மைக்ரோசாஃப்ட் தன் சொந்தக் கடையை உள்ளே வைத்துவிட்டால் நம் பிழைப்பு என்னாகும்? 2013 பிப்ரவரியில் ஸ்டீம் லினக்ஸுக்கு வந்தது. 2015-இல் லினக்ஸ் ஓடும் 'ஸ்டீம் மெஷின்' பெட்டிகள் வந்து தோற்றன. நிறுவனங்கள் தங்கள் விளையாட்டை லினக்ஸுக்கென்று மறுபடி எழுதித் தரும் என்று காத்திருந்ததுதான் தோல்விக்குப் பெரிய காரணம். எழுதித் தர யாருக்கும் மனமில்லை.

அந்தச் சமயத்தில் ஜெர்மனியில் ஃபிலிப் ரெபோல் என்ற இளைஞருக்கு 'நியர்: ஆட்டோமேட்டா' என்ற விளையாட்டை லினக்ஸில் ஆட ஆசை. ஒயின் அதுவரை விண்டோஸின் டைரக்ட்3டி கட்டளைகளை ஓபன்ஜிஎல் என்ற பழைய மொழிக்கு மாற்றிக்கொண்டிருந்தது. வேகம் விழுந்தது, படம் உடைந்தது. 2016-இல் வெளியான வல்கன் என்ற புதிய மொழி கிராஃபிக்ஸ் கார்டோடு நெருங்கிப் பேசக்கூடியது. ரெபோல் டைரக்ட்3டியை நேராக வல்கனுக்கு மாற்றும் நிரலை எழுதினார். அதுதான் டிஎக்ஸ்விகே. வால்வ் அவரை வேலைக்குச் சேர்த்துக்கொண்டது. ஒயினும் டிஎக்ஸ்விகேயும் சேர்ந்த 'புரோட்டான்' 2018 ஆகஸ்ட் 21 அன்று 27 விளையாட்டுகளுக்கான ஒப்புதலோடு வெளிவந்தது. வெளியிலிருந்து பார்க்கும் பயனருக்கு எதுவும் தெரியாது. நிறுவு என்று அழுத்தினால் நிறுவும், ஆடு என்றால் ஓடும். 2022-இல் கையடக்க ஸ்டீம் டெக் வந்தபிறகு விளையாட்டு நிறுவனங்களே புரோட்டானில் சோதித்துப் பார்க்கத் தொடங்கின. 2025 அக்டோபரில் ஸ்டீம் பயனர்களில் லினக்ஸ்காரர்களின் பங்கு முதன்முறையாக நூற்றுக்கு மூன்றைத் தாண்டியது.

இந்தப் பந்தியில் எல்லோருக்கும் இலை விழவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். டிஎக்ஸ்விகேயின் இன்றைய பதிப்புகளுக்கு வல்கன் 1.3 தெரிந்த கிராஃபிக்ஸ் சில்லு தேவை. 2011, 2012-ஆம் ஆண்டு லேப்டாப்புகளில் இருந்த இன்டெல் சில்லுகளுக்கு அது தெரியாது. பரணில் கிடக்கும் அந்தப் பெட்டிகளுக்கு ஒயினின் பழைய ஓபன்ஜிஎல் வழிதான் கதி. ஆனால் வைஸ் சிட்டி காலத்து விளையாட்டுகளுக்கு அதுவே தாராளம்.

இன்னொரு பக்கம் தலைகீழ் மாற்றம் நடந்தது. விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரியில் முடிந்தது, விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபரில். விண்டோஸ் 11-க்கோ டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும்; பழைய கணினிகள் பலவற்றில் அது கிடையாது. பழைய சிடிகளின் கதி இன்னும் மோசம். சேஃப்டிஸ்க் என்ற திருட்டுத் தடுப்போடு வந்த விளையாட்டுகளை, பாதுகாப்புக் காரணத்துக்காக விண்டோஸ் 2015-இல் கைகழுவியது. காசு கொடுத்து வாங்கிய அசல் சிடி ஓடாமல் போனது. 90-களின் சில விளையாட்டுகளுக்கு 16 பிட் நிறுவு நிரல் இருக்கும். 64 பிட் விண்டோஸ் அதைத் தொடவே தொடாது, 64 பிட் லினக்ஸில் ஒயின் அதை ஓட்டும். விண்டோஸுக்கென்றே எழுதிய பழைய விளையாட்டு விண்டோஸில் மக்கர் செய்து லினக்ஸில் ஓடுகிற காலம் வந்துவிட்டது. வைஸ் சிட்டி காலத்து டைரக்ட்3டி 8 கூட 2024 ஜூலையில் வந்த டிஎக்ஸ்விகே 2.4-இல் சேர்ந்துவிட்டது.

தென்காசியில் இந்தக் கதையின் இன்றைய அத்தியாயம் லேப்டாப்பில் நடக்கவில்லை, கைபேசியில் நடக்கிறது. ஆண்ட்ராய்டின் கருவில் இருப்பது லினக்ஸ்தான். 2012-இல் ஹென்ரிக் ரீட்கார்ட் வெளியிட்ட பிபிஎஸ்எஸ்பிபி என்ற எமுலேட்டரில் சோனியின் கையடக்க பிளேஸ்டேஷன் விளையாட்டுகளைப் பேருந்தில் உட்கார்ந்து ஆடும் பள்ளிப் பிள்ளைகள், லினக்ஸ் மீது கன்சோல் எமுலேட்டர் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஐந்தாயிரம், ஆறாயிரம் ரூபாய்க் கைபேசியில்கூட 'காட் ஆஃப் வார்' ஏதோ ஒரு வேகத்தில் ஓடும்.

2023-இல் புழக்கத்துக்கு வந்த வின்லேட்டர் அடுத்த படி. பிரேசில் நாட்டு நிரலர் ஒருவர் செய்தது. கைபேசியின் செயலி ஏ.ஆர்.எம். வகை, விண்டோஸ் விளையாட்டு எழுதப்பட்டதோ இன்டெல் வகைக்கு. ஆகவே பாக்ஸ்64 என்ற நிரல் செயலியின் மொழியைப் பெயர்க்கிறது, ஒயின் விண்டோஸின் கேள்விகளைப் பெயர்க்கிறது, டிஎக்ஸ்விகே படத்தைப் பெயர்க்கிறது. எமுலேட்டரையும் ஒயினையும் வேறு வேறு சாதியாக வைத்துப் பேசிய காலம் போய், இரண்டும் ஒரே கைபேசிக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக வேலை செய்கின்றன. எந்த ஐ.ஜி.ஐ.க்காக ஒருவர் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்தாரோ, அதை அவர் பிள்ளை தொடுதிரையில் தட்டித் திறக்கப் பார்க்கிறது.

ஓடாதவையும் இருக்கின்றன. வாலரண்ட் போன்ற போட்டி விளையாட்டுகளின் ஏமாற்றுத் தடுப்பு நிரல், விண்டோஸின் அடிமடி வரை இறங்கி உட்காருகிறது. ஒயினால் அந்த ஆழத்துக்குப் போக முடியாது. அதுவரை ஓடிக்கொண்டிருந்த ஏபெக்ஸ் லெஜெண்ட்ஸும் 2024 அக்டோபர் இறுதியில் லினக்ஸ் பயனர்களுக்குக் கதவைச் சாத்தியது. நிரலர்களின் திறமையால் இது தீராது. நிறுவனங்கள் மனம் வைத்தால்தான் தீரும். தமிழக அரசு 2025-26 நிதிநிலை அறிக்கையில் இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கணினி தருவதாக அறிவித்தது. அந்த மாணவர்களில் கவுன்டர்-ஸ்ட்ரைக் ஆடுபவருக்கு இன்று லினக்ஸ் போதும். வாலரண்ட் ஆடுபவருக்குப் போதாது.

தமிழ் வீடு ஒன்றையே கதைக்களமாகக் கொண்ட 'வெண்பா' விளையாட்டு லினக்ஸுக்கு வருவதும் ஒயின் காட்டிய வழியில்தான். தமிழ்நாட்டிலிருந்து 80-களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு குடும்பம், மகனோடு பேச்சு குறைந்துபோகும் ஓர் அம்மா, எழுத்து அழிந்துபோன பாட்டியின் சமையல் குறிப்பேடு. அழிந்த வரிகளை ஊகித்து இட்லியும் பிரியாணியும் சமைப்பதுதான் ஆட்டம். டொராண்டோவின் விசை கேம்ஸ் அதை 2023 ஜூலை 31 அன்று வெளியிட்டது. 2024-இல் சுயாதீன விளையாட்டுகளுக்கான ஐ.ஜி.எஃப். விழாவில் தலைப்பரிசும், முதல் படைப்புக்கான பாஃப்டா விருதும் அதற்குக் கிடைத்தன. விண்டோஸுக்கும் ஸ்விட்ச், பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் எந்திரங்களுக்கும் அது வெளியானது. லினக்ஸுக்கென்று தனிப் பதிப்பு இல்லை. மேலகரத்திலோ கடையநல்லூரிலோ லினக்ஸ் கணினி வைத்திருப்பவர் ஸ்டீமில் அதை வாங்கி நிறுவினால், உள்ளே புரோட்டான்தான் ஓட்டும்: 1993-இல் ஆம்ஸ்டட் தொடங்கி ஜூலியார்ட் இன்னும் தொகுத்துக்கொண்டிருக்கிற அதே நிரலின் வழியாக.